பாராசூட் தொங்கிய இடம்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது வந்து போகும் செய்தி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர், எரியும் விமானம், 18,000 அடி உயரம், பாராசூட் இல்லாமல் குதித்த இளைஞன். கீழே பைன் மரங்கள், அவற்றின் அடியில் பனி. கண் விழித்தவன் காலில் சுளுக்கோடு எழுந்து உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான். கடைசி வரியில் கடவுள் கருணை பற்றி ஏதாவது இருக்கும். உடனே கூப்பிய கைகள் வரிசையாக விழும். பெரியப்பா மட்டும் சுருக்கமாக 'ஆயுசு கெட்டி' என்று எழுதுவார்.

இப்படி வருகிற செய்திகளில் பாதிக்கு மேல் புளுகு என்பதால் ஒருநாள் இதையும் பொய் என்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நிக்கலஸ் ஆல்கமேட் என்று ஒருவர் இருந்திருக்கிறார். பிரிட்டிஷ் விமானப்படையின் 115ஆவது ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவில் பின் கன்னர், அதாவது விமானத்தின் வாலில் உட்கார்ந்து சுடுபவர். 21 வயது. 1944 மார்ச் 24 இரவு பெர்லின் மேல் குண்டு போட்டுத் திரும்பும் வழியில் அவருடைய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் தீப்பிடித்தது. அவர் பாராசூட் இல்லாமல் குதித்தார், பிழைத்தார், 1987 வரை வாழ்ந்தார். எல்லாம் நடந்ததுதான். சரி, உண்மைதான் என்று விட்டிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி விடவில்லை. அவரிடம் ஏன் பாராசூட் இல்லை? மறந்து வைத்துவிட்டு வரவில்லை. விமானப்படை கொடுக்காமலும் இல்லை. ஏறும்போது கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறினார். விமானத்துக்குள்ளேயே அது இருந்தது. பிறகு எப்படி அது இல்லாமல் குதிக்க நேர்ந்தது? அந்தச் செய்தியைப் பகிர்கிற யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் கதை வேறு திசைக்குப் போய்விடுகிறது.

வாலில் ஒரு கூண்டு

லங்காஸ்டரில் ஏழு பேர். விமானி, எஞ்சினியர், வழிகாட்டி, குண்டு போடுபவர், வயர்லெஸ் இயக்குபவர் ஆகிய ஐவரும் முன்பக்கம், ஒருவரை ஒருவர் தொட்டுப் பேசும் தூரத்தில் இருப்பார்கள். நடு முதுகில் ஒரு கன்னர். ஏழாவது ஆள்தான் பின் கன்னர். விமானத்தின் கடைக்கோடியில், வாலுக்கும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் சுழல்கூண்டுக்குள் நான்கு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகளோடு பின்னோக்கி உட்கார்ந்திருப்பார். பெர்லின் போய்வர ஏழெட்டு மணி நேரம். அந்த நேரம் முழுக்க மற்ற ஆறு பேரோடு அவருக்கு இருக்கும் ஒரே உறவு இன்டர்காம் கம்பிதான். அது அறுந்தால் விமானத்தில் மற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30, 40 டிகிரிவரை போகும். மின்சாரத்தால் சூடாகும் உடுப்பு உண்டு. அதற்கு மேல் இன்னும் பல அடுக்கு. இவ்வளவு குளிரிலும் பல கன்னர்கள் கண்ணெதிரே இருந்த பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தகட்டையே வெட்டி எடுத்துவிட்டுத் திறந்த வெளியில் உட்கார்ந்து பறந்தார்கள். காரணம் எளிது. இருட்டில் அந்தத் தகட்டின் மேல் இருக்கும் ஒரு கீறல், ஒரு எண்ணெய்ப் பொட்டு, எதிரி விமானம்போலத் தெரியும். எதிரி விமானம் ஒரு பொட்டுபோலத் தெரியும். எது எது என்று முடிவெடுக்கக் கிடைப்பது ஓரிரு நொடி. அதற்குக் குளிரே மேல் என்று நினைத்திருக்கிறார்கள்.

இத்தனை உடுப்போடு உள்ளே புகுந்து உட்கார்ந்தால் அந்தக் கூண்டில் மிச்சம் இடம் கிடையாது. அதனால் பின் கன்னர் பாராசூட்டை அணிய முடியாது. உடம்பில் வார்ப்பட்டைகளை மட்டும் கட்டியிருப்பார். மார்பில் கொக்கி போட்டு மாட்டவேண்டிய பாராசூட் மூட்டை, கூண்டின் கதவுக்கு அந்தப் பக்கம், விமானத்தின் உள்சுவரில் ஒரு தாங்கியில் தொங்கும். ஆபத்து என்றால் கூண்டை நேராகத் திருப்ப வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருக்கும் கதவுகளைத் திறக்க வேண்டும். உடம்பைத் திருப்பிக் கை நீட்டி மூட்டையை எடுத்து மார்பில் மாட்ட வேண்டும். பிறகு விமானத்துக்குள் நடந்து பக்கவாட்டுக் கதவுக்குப் போகலாம், அல்லது மூட்டையோடு மறுபடி கூண்டுக்குள் புகுந்து, கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுப்பக்கமாகச் சரிந்து விழலாம். பயிற்சி மைதானத்தில் பகல் வெளிச்சத்தில் இதைச் செய்து காட்டுவது பெரிய விஷயமில்லை.

கதவைத் திறந்தபோது

அன்றிரவு காற்று பேய்க்காற்று. வடக்கிலிருந்து வீசிய அதன் வேகத்தை யாரும் சரியாகக் கணிக்கவில்லை. 811 விமானங்கள் புறப்பட்டன. திரும்பும்போது அவை வரிசை கலைந்து தெற்கே தள்ளப்பட்டு, எந்தப் பீரங்கிக் காவல்களைத் தவிர்க்க வேண்டுமோ அவற்றின் மேலேயே போய்ச் சேர்ந்தன. 72 விமானங்கள் வரவில்லை. ஆல்கமேட் இருந்த விமானம் ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் ஷ்மாலன்பெர்க் என்ற ஊர்ப்பக்கம் வந்தபோது யுங்கர்ஸ் 88 என்ற ஜெர்மன் போர் விமானம் ஒன்று பின்னாலிருந்து தாக்கியது. அவரும் பதிலுக்குச் சுட்டார். அதற்குள் விமானத்தின் உடல் எரியத் தொடங்கிவிட்டது. குதியுங்கள் என்று விமானி இன்டர்காமில் உத்தரவு கொடுத்தார்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே ஆல்கமேட் கூண்டுக் கதவைத் திறந்தார். எதிரே தீ. நீண்ட அந்த உலோகக் குழாய் முழுக்கத் தீ. அதற்கு நடுவே, தாங்கியில், வைத்த இடத்திலேயே பாராசூட் மூட்டை எரிந்துகொண்டிருந்தது. முகத்தில் இருந்த ஆக்சிஜன் முகமூடியின் ரப்பர் இளகத் தொடங்கியது. கதவை மூடிக்கொண்டு கூண்டுக்குள்ளேயே திரும்பினார். எரிந்து சாவதா, விழுந்து சாவதா என்ற கேள்விதான் மிச்சம். விழுவது சட்டென்று முடிந்துவிடும் என்று முடிவெடுத்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கூண்டைப் பக்கவாட்டில் திருப்பினார். முதுகுப்பக்கமாகச் சரிந்தார்.

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். இதற்குப் பிறகு வரும் பைன் மரமும் பனியும் எல்லோருக்கும் பிடித்த பகுதி. எனக்கு அந்தக் கதவு திறந்த கணத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. ஏனென்றால் அவர் வெளியேறிய முறையைப் பாருங்கள். கூண்டைத் திருப்பிச் சரிந்து விழுவது என்பது அவர் கண்டுபிடித்த வழியில்லை. முறைப்படி தப்பிக்கும் வழிகளில் ஒன்றே அதுதான். வழி இருந்தது. அது நன்றாக வேலையும் செய்தது. வெளியே போவதில் அவருக்கு எந்தத் தடையும் இல்லை. மார்பில் இருக்கவேண்டிய மூட்டை கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அது விதியோ வானமோ வைத்த தூரம் இல்லை. ஒரு வரைபட மேசையில் யாரோ அளந்து வைத்த தூரம். கூண்டைக் கொஞ்சம் அகலமாகச் செய்திருந்தால் நமக்கு இந்த அற்புதக் கதையே கிடைத்திருக்காது. ஒரு கன்னர் சாதாரணமாகப் பாராசூட்டில் இறங்கிப் பிடிபட்டார் என்று ஆவணத்தில் ஒரு வரி இருந்திருக்கும். யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டார்கள்.

பிழைத்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உதவிக்காக விசில் ஊதி, உள்ளூர்க்காரர்களால் கண்டுபிடிக்கப்பட்டு, ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து விசாரணைக்கும் கொண்டுபோகப்பட்டார். பாராசூட்டை எங்கே புதைத்தாய் என்று கேட்டார்கள். இல்லாமல் விழுந்தேன் என்றால் எந்த அதிகாரி நம்புவார்? உளவாளி என்று சந்தேகம். அவரைக் காப்பாற்றியது நூல். வார்ப்பட்டைகளின் தோள் நாடாக்கள் மெல்லிய நூலால் தைத்து மடிக்கப்பட்டிருக்கும். பாராசூட் விரியும் இழுப்பில் அந்தத் தையல் அறும். அவருடையதில் தையல் அப்படியே இருந்தது. விமானத்தின் சிதைவிலும் கருகிய பாராசூட்டின் உலோகப் பாகங்கள் கிடைத்தன. ஜெர்மானியர்கள் ஒப்புக்கொண்டார்கள். பிறகு அவர் அடைக்கப்பட்டது ஸாகான் போர்க்கைதிகள் முகாமில். அவர் வானத்திலிருந்து விழுந்த அதே இரவில் அந்த முகாமிலிருந்து 76 கைதிகள் சுரங்கம் தோண்டித் தப்பியிருந்தார்கள். பிடிபட்டவர்களில் 50 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எந்தக் கதாசிரியராவது இதை இப்படி எழுதியிருந்தால் ரொம்ப ஓவர் என்று சொல்லியிருப்போம்.

நூற்றுக்கு இருபத்தொன்று

பிரிட்டிஷ் விமானப்படையில் குண்டு போடும் வேலைக்கென்று இருந்த பாம்பர் கமாண்ட் என்ற பிரிவில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். 55,573 பேர் இறந்தார்கள். பறக்கும் பணிக்கு வந்த அத்தனை பேரும் தாமாகக் கை தூக்கி வந்தவர்கள். பெரும்பாலோருக்கு இருபதைத் தாண்டிச் சில வயது. ஒரு சுற்று என்பது 30 தாக்குதல்கள். முடித்தால் ஆறு மாதம் பயிற்சி கொடுக்கும் வேலை, பிறகு விருப்பப்பட்டோ படாமலோ இரண்டாம் சுற்று.

ஒரு தாக்குதலுக்கு நூற்றுக்கு ஐந்து விமானம் திரும்பாமல் போகிறது என்று வையுங்கள். ஐந்துதானே என்று தோன்றும். 95 சதவீதம் பேர் காலையில் வந்து முட்டையும் பன்றி இறைச்சியும் சாப்பிடுகிறார்கள். ஆனால் அதே கணக்கை முப்பது முறை பெருக்கிப் பார்த்தால் நூறு பேரில் சுற்றை முடிப்பவர்கள் 21 பேர்தான். ஆல்கமேட் போன இரவில் இழப்பு ஐந்தில்லை, ஏறக்குறைய ஒன்பது. அடுத்த வாரம் நூரம்பெர்க் தாக்குதலில் 795 விமானங்களில் 95 போயின. படுக்கைகள் மறுநாளே காலியாகி மறுநாளே நிரம்பும். இனி முடியாது என்று சொன்னவனுடைய கோப்பில் மனத்திடம் இல்லாதவன் என்று மூன்றெழுத்துக் குறியீடு போட்டு, சின்னங்களைப் பறித்து, மற்றவர்கள் கண்ணில் படாமல் முகாமிலிருந்து அன்றே அப்புறப்படுத்துவார்கள். இருபது தாக்குதல் முடித்தவனுக்கும் அதே குறியீடுதான். பயம் தொற்றும் என்று பயந்தார்கள் போலிருக்கிறது.

நம் ஊர்களுக்கும் இதில் ஒரு மூலை உண்டு. 102ஆவது ஸ்குவாட்ரனின் பெயரிலேயே சிலோன் இருந்தது. 99ஆவதன் பெயரில் மதராஸ் மாகாணம் இருந்தது. அங்கிருந்து போன போர் நன்கொடைக்கு நன்றியாக வைத்த பெயர்கள். சிலோன் ஸ்குவாட்ரன் யார்க்‌ஷயரில் இருந்து ஹாலிபாக்ஸ் விமானங்களில் பறந்தது.

காட்டுக்குள் ஒரு கணக்கர்

இதே காலத்தில், இன்னொரு பையன். 1943 ஜூலையில் 19 வயதில் பாம்பர் கமாண்டின் தலைமையகத்தில் வேலைக்குச் சேர்ந்தார் ஃப்ரீமன் டைசன். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற இயற்பியலாளர். அப்போது ஹை விக்கம் பக்கத்துக் காட்டுக்குள் மறைந்திருந்த அலுவலகத்தில், செயல் ஆராய்ச்சிப் பிரிவில், ஒரு கணக்கர். விமானங்கள் ஏன் திரும்பவில்லை என்று எண்களிலிருந்து கண்டுபிடிப்பது வேலை. ஆல்கமேட்டைவிட ஒரு வயதுதான் இளையவர். ஒருவர் வாலில் உட்கார்ந்து வெளியே போனார், மற்றவர் மேசையில் உட்கார்ந்து திரும்பாதவர்களை எண்ணினார்.

கன்னர்களுக்கும் விமானிகளுக்கும் அப்போது சொல்லப்பட்ட பாடம் ஒன்று உண்டு. முதல் சில தாக்குதல்கள்தான் கஷ்டம், அனுபவம் வந்துவிட்டால் பிழைத்துக்கொள்வீர்கள் என்பது. போரின் ஆரம்பத்தில் அது உண்மையாகவும் இருந்தது. டைசன் புதிதாகக் கணக்குப் போட்டபோது அது இனி உண்மை இல்லை என்று தெரிந்தது. ஐந்து தாக்குதல் முடித்தவனுக்கும் இருபத்தைந்து முடித்தவனுக்கும் சாவு ஒரே அளவில்தான் காத்திருந்தது. அனுபவத்தால் எதுவும் ஆகவில்லை என்றால், என்ன செய்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கொல்கிறது என்று அர்த்தம். அது மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திய பீரங்கி. ஜெர்மன் இரவு விமானங்கள் லங்காஸ்டரின் வயிற்றுக்கு அடியில் சத்தமில்லாமல் வந்து நின்று, சாய்வாக மேல்நோக்கிச் சுட்டன. பெரும்பாலான லங்காஸ்டர்களுக்கு அடிவயிற்றில் துப்பாக்கியும் இல்லை, சன்னலும் இல்லை. பெர்ஸ்பெக்ஸை வெட்டிவிட்டுக் கண் கொட்டாமல் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தவன், தன் காலுக்குக் கீழே வந்தவனைப் பார்க்கவே முடியாது.

டைசனும் அவருடைய மேலதிகாரி ரூபன் ஸ்மீடும் ஒரு யோசனை வைத்திருந்தார்கள். துப்பாக்கிக் கூண்டுகளையே கழற்றிவிடுவோம். எடை குறையும், வேகம் கூடும், எதிரிக்குத் துரத்துவது கடினமாகும். அப்படியும் விழுந்தால்கூட விமானத்துக்கு ஏழு பேர் சாவதற்குப் பதில் ஐந்து பேர் சாவார்கள். அந்த யோசனை எங்கும் போகவில்லை. தளபதி ஆர்தர் ஹாரிஸ் கேட்க விரும்பாத எதையும் மேலே அனுப்பும் பழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை. கன்னர் இல்லாமல் பறப்பதை விமானிகளே ஏற்றிருப்பார்களா என்பதும் சந்தேகம்தான். தன்னைக் காக்கப் பின்னால் ஒரு நண்பன் இருக்கிறான் என்ற நம்பிக்கைக்கும் ஒரு மதிப்பு உண்டு. எனக்குமே அந்த யோசனையை முதலில் படித்தபோது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தால், ஆல்கமேட் அந்தக் கூண்டில் உட்கார்ந்திருந்ததற்கே தேவை இருந்ததா என்று கேட்கும் ஓர் ஆள் தலைமையகத்திலேயே இருந்திருக்கிறார். கேள்வி பதிலில்லாமலேயே போய்விட்டது.

இன்னொரு கணக்கு இதைவிட மோசம். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்து எத்தனை பேர் உயிரோடு கைதியாகிறார்கள்? பகலில் பறந்த அமெரிக்க விமானங்களில் பாதிப் பேர். பிரிட்டனின் ஹாலிபாக்ஸ், ஸ்டெர்லிங் விமானங்களில் கால்வாசிப் பேர். லங்காஸ்டரில் 15 சதவீதம். லங்காஸ்டர்தான் எல்லோரும் பெருமையாகச் சொன்ன விமானம். அதிகக் குண்டுச் சுமை, அதிக உயரம், குறைந்த இழப்பு. ஆனால் விழுந்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வர முடியவில்லை. ஒரு காரணம் மூக்குப் பகுதியின் தரையில் இருந்த தப்பிக்கும் கதவு. ஹாலிபாக்ஸில் அதன் அகலம் 24 அங்குலம். லங்காஸ்டரில் 22. கனத்த உடுப்பும் பாராசூட்டும் கட்டிய ஆள், சுழன்று விழும் விமானத்தில், இருட்டில், அந்த ஓட்டைக்குள் தன்னைத் திணித்து வெளியே வர வேண்டும். தீபாவளி நேரத்துப் பேருந்தில் சன்னல் வழியாக ஏற முயன்றவர்களுக்கு இரண்டு அங்குலம் என்றால் என்ன என்று தெரியும். டைசனின் சக ஊழியர் ஒருவர் அந்தக் கதவை அகலப்படுத்தச் சொல்லி ஏறக்குறைய இரண்டு வருடம் மல்லுக்கட்டினார். ஒப்புதல் கிடைத்தபோது போர் முடியும் தறுவாயில் இருந்தது. இதையெல்லாம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு டைசனே வெட்கத்தோடு எழுதினார். உள்ளே இருந்தபோது, தெரிந்ததை வெளியே சொல்லவில்லை என்பதுதான் அவருடைய வருத்தம்.

நாம் தைரியத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். தைரியம் அங்கே ஏராளமாக இருந்தது. ஆல்கமேட் விழுந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1944 ஜூன் 12 இரவு, பிரான்ஸின் காம்ப்ரே மேல் கனடாவின் 419ஆவது ஸ்குவாட்ரன் லங்காஸ்டர் ஒன்று எரிந்தது. எஞ்சின்கள் போனதால் பின் கூண்டைத் திருப்பும் ஹைட்ராலிக்ஸ் நின்றுவிட்டது. பின் கன்னர் பாட் புரோஃபி உள்ளே மாட்டிக்கொண்டார். குதிக்கப் போன நடு கன்னர் ஆண்ட்ரூ மினார்ஸ்கி அதைப் பார்த்துத் தீக்குள் தவழ்ந்து வந்தார். கோடாரியால் கதவை உடைக்கப் பார்த்தார், கையால் பிய்க்கப் பார்த்தார். உடுப்பு பற்றிக்கொண்டது. போய்விடு என்று உள்ளிருந்து புரோஃபி சைகை காட்டினார். மினார்ஸ்கி பின்வாங்கி, எரியும் உடுப்போடு நேராக நின்று நண்பனுக்கு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். தரையில் பிரெஞ்சுக்காரர்கள் கண்டெடுத்தார்கள், காயங்களால் இறந்தார். புரோஃபி இருந்த கூண்டு விமானம் தரையில் மோதியபோது பிய்ந்து தெறித்தது. அவர் வெளியே தூக்கி எறியப்பட்டுப் பிழைத்தார். அவர் சொன்ன சாட்சியத்தின் மேல்தான் 1946இல் மினார்ஸ்கிக்கு விக்டோரியா கிராஸ் என்ற மிக உயர்ந்த வீரப் பதக்கம் கொடுக்கப்பட்டது. கண் கலங்க வைக்கும் கதை. இதிலும் நடுவில் இருப்பது அதே கூண்டு, அதே கதவு. மினார்ஸ்கி வெறுங்கையால் உடைக்க முயன்றது ஒரு வடிவமைப்புக் குறையை. பதக்கம் கொடுக்கும்போது அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினால் பதக்கத்தின் பளபளப்பு கொஞ்சம் குறையும்.

கீழே இருந்தவர்கள்

இதையெல்லாம் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைவிட வயதில் மூத்தவர், இப்போது சென்னையில் இருக்கிறார். லங்காஸ்டரைச் செய்த கம்பெனி பெயர் அவ்ரோ என்று சொன்னதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவ்ரோவோ? எங்கட அவ்ரோவோ தம்பி?"

நான் அதுவரை அதை இணைத்துப் பார்த்ததில்லை. மான்செஸ்டரில் லங்காஸ்டரை வடிவமைத்த அதே நிறுவனம்தான் 1960இல் 748 என்ற பயணிகள் விமானத்தைப் பறக்கவிட்டது. இலங்கை விமானப்படை வாங்கிய அந்த 748ஐத்தான் யாழ்ப்பாணம் அவ்ரோ என்று அறியும். 1990இல் அதிலிருந்து குண்டுகளை உருட்டிவிட்டார்கள். பீப்பாய்க் குண்டு என்று சொன்னால் அங்கே விளக்கம் தேவையில்லை.

"பங்கருக்குள்ள இருந்து மேல பாத்துக்கொண்டிருப்பம். மேல இருக்கிறவனுக்கு வயசு என்னெண்டு நாங்கள் ஒருநாளும் யோசிக்கேல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்கள் கதவு எவ்வளவு அகலம் எண்டு கணக்குப் பாருங்கோ. பிழை எண்டு சொல்லேல்லை."

"இல்லை அண்ணை, நான் சொல்ல வந்தது..." என்று ஆரம்பித்தேன். என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே தெளிவாக இல்லை. பேச்சு வேறெங்கோ போனது.

அதற்குப் பிறகுதான் நான் விட்டுவிட்ட ஒரு விஷயம் உறைத்தது. ஏழு பேரில் ஆறு பேர் முன்னோக்கியோ மேல்நோக்கியோ தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குண்டுகள் விழுந்த பிறகு விமானம் திரும்பும்போது, எரியும் நகரத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே போகிறவர் பின் கன்னர் ஒருவர்தான். அவர் இருக்கை அப்படி. தீயின் சிவப்பு நூறு மைலுக்கு அப்பாலும் தெரியும். 1943 ஜூலைக் கடைசியில் ஹாம்பர்கில் எழுந்த தீப்புயல் உட்பட அந்த ஒரு வாரத் தாக்குதல்களில் சுமார் 40,000 பேர் இறந்தார்கள். நிலவறைகளில் மூச்சுத் திணறி இறந்தவர்கள் நிறைய. அவர்களில் யாரும் மேலே போனவனுடைய பாராசூட் எங்கே தொங்கியது என்று கவலைப்பட்டிருக்க முடியாது. படவும் வேண்டியதில்லை.

இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இரண்டு முடிவுகளும் ஒரே வகை மேசைகளிலிருந்து வந்தன. 1941 ஆகஸ்டில் புகைப்படங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை தயாரானது. இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளாவது குண்டு போட்டிருந்தது. இருட்டில் ஒரு தொழிற்சாலையைக் குறிவைக்க அவர்களால் முடியவில்லை. முடியவில்லை என்றால் என்ன செய்வது? குறிவைக்க முடிந்த அளவுக்கு இலக்கைப் பெரிதாக்கினார்கள். 1942 பிப்ரவரி 14 தேதியிட்ட உத்தரவு எதிரி நாட்டு மக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மனவுறுதியைக் குலைப்பதே நோக்கம் என்றது. அதாவது அவர்கள் குடியிருக்கும் வீடுகள். நகரத்தின் மேல் கோடு போட்ட கையும் கூண்டுக்கு அளவு குறித்த கையும் வேறு வேறு ஆட்களுடையவைதான். ஆனால் இரண்டு இடத்திலும், அந்த அளவுக்குள் யார் இருக்கப் போகிறார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. ஆயுசு கெட்டி என்று சொல்லிவிட்டால் இந்த மேசைகளெல்லாம் கண்ணில் படாது. பெரியப்பா மேல் எனக்குக் கோபமில்லை, அந்தச் சொல்லின் சௌகரியத்தின் மேல்தான். ஆல்கமேட்டின் விமானத்தில் விமானி உட்பட நான்கு பேர் அன்றிரவு இறந்தார்கள். அவர்கள் ஆயுசை யாரும் செய்தியில் சேர்ப்பதில்லை.

கூண்டை வேறு மாதிரி செய்திருக்க முடியாதா என்ற என் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தது. முடியும், செய்தும் காட்டினார்கள். இங்கிலாந்தில் கெயின்ஸ்பரோ என்ற சிற்றூரில் ரோஸ் பிரதர்ஸ் என்ற நிறுவனம் இருந்தது. இனிப்புகளையும் மற்ற பொருள்களையும் காகிதத்தில் சுற்றிப் பொதியும் எந்திரங்கள் செய்வது அவர்கள் தொழில். லிங்கன்ஷயரில் இருந்த, பாம்பர் கமாண்டின் ஒன்றாம் குழுவின் தளபதி எட்வர்ட் ரைஸ், மேலிருந்து பதில் வரும் வழியாகத் தெரியாததால், நேராக அவர்களிடம் போய் ஒரு பின் கூண்டு செய்து தரச் சொன்னார். நான்கு சிறு துப்பாக்கிகளுக்குப் பதில் இரண்டு பெரியவை, திறந்த முன்பக்கம், தாராளமான இடம். ஆபத்து என்றால் கன்னர் கூண்டிலிருந்தே பாராசூட்டோடு நேராகக் குதித்துவிடலாம். உள்ளே திரும்பிக் கதவைத் திறந்து தேட வேண்டியதில்லை. 1944 கோடையிலிருந்து அது ஒன்றாம் குழுவின் விமானங்களில் வரத் தொடங்கியது. மொத்தம் 7,377 லங்காஸ்டர்கள் செய்யப்பட்டன. ரோஸ் கூண்டுகள் போர் முடியும்வரை சில நூறுதான். மற்றவை பெரும்பாலும் பழைய கூண்டோடும், கதவுக்கு அந்தப் பக்கம் தொங்கிய மூட்டையோடும் பறந்தன.